சாவி கைமாறும் நேரம்



உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு கணினி இருக்கக்கூடும். மகளின் படிப்புக்காக வாங்கியதாக இருக்கலாம். ஜவுளிக்கடைக் கணக்குக்காக வாங்கியதாக இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் விழிக்கிறது. இட்ட வேலையைச் செய்கிறது. ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அப்படிப்பட்ட கணினியின் திரையில் ஒருநாள் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. ‘உங்கள் இயங்குதளத்துக்கான ஆதரவு இன்ன தேதியுடன் முடிகிறது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? அன்றே மாறிவிடுவீர்களா? அல்லது, ‘நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?’ என்று அறிவிப்பை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பீர்களா?

2025ஆம் ஆண்டில் எங்கள் சிவகாசியில் பலர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் குறித்திருந்த கடைசி நாள் அக்டோபர் 14. தீபாவளியோ அக்டோபர் 20. சிவகாசியை அறிந்தவர்களுக்கு அந்த நாட்களின் பொருள் புரியும். பட்டாசுக் கடைகளில் தலை நிமிர நேரமிராது. அச்சகங்களிலோ ஆடிப் பதினெட்டில் மாதிரி ஆல்பம் காட்டிப் பிடித்த காலண்டர் ஆர்டர்கள் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நெருக்கடியின் நடுவில்தான் அத்தேதி வந்து நின்றது.

ஒரு மதரஸா ஆசிரியனிடம் இதையெல்லாம் ஏன் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் கணினிப் படிப்புப் படித்தவனல்லன். வரலாற்றில் பட்டம் பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் இருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். ஒருமுறை அவசரப்பட்டதால்; இன்னொரு முறை அசையாமல் இருந்ததால். அந்த இரண்டு சூட்டையும் உங்களிடம் சொல்லிவிட்டால் மூன்றாவது ஒருவருக்கு அது நேராமல் போகலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அத்தாவின் சாவிக் கொத்து

முதலில் என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் அமைந்த ஒரு பட்டாசு ஆலையில் அவர் இரவுக் காவலராக இருந்தார். சிறுவனாயிருந்தபோது சில விடியற்காலைகளில் அவருக்குத் தேநீர் கொண்டுபோவேன். பகல் காவலர் வந்துவிட்டாலும் அத்தா உடனே கிளம்பிவிட மாட்டார். இருவரும் சேர்ந்து ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு அறையின் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார்கள். மணல் வாளிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்ப்பார்கள். அதன்பிறகுதான் சாவிக் கொத்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்.

“அவர்தான் வந்துட்டாரே, போலாம் வாங்க அத்தா” என்று ஒருநாள் அவசரப்படுத்தினேன். அத்தா சொன்னார்: “புது ஆளு வர்றதுக்கு முந்தியும் போகக் கூடாது, வந்த உடனேயும் போகக் கூடாதுப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற அந்தக் கால் மணி நேரத்துலதான் சாவி கை மாறணும்.”

அன்று அது எனக்கு வெறும் வேலைப் பழக்கமாகவே பட்டது. நாற்பது வயதைக் கடந்த பிறகே அதன் அருமையை உணர்ந்தேன்.

இயங்குதளம் என்பது என்ன?

கணினி அதிகம் பழகாத தாய்மார்களுக்காக ஓரிரு வார்த்தைகள். கணினியின் உள்ளே இருக்கும் பொறிகளுக்கும், நாம் பயன்படுத்தும் கணக்கு, எழுத்து, படம் போன்ற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் இயக்குவதே இயங்குதளம். விண்டோஸ் என்பது ஒன்று. லினக்ஸ் என்பது இன்னொன்று. வீட்டின் தளத்தைப் போன்றது இது. கட்டிலும் அலமாரியும் அடுப்பும் அதன்மேல்தான் நிற்கின்றன. அடுப்பை மாற்றுவது எளிது. தளத்தை மாற்ற வேண்டுமானால் வீட்டுச் சாமான் முழுவதையும் எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தத் தளத்தில் எத்தனையோ சிறு ஓட்டைகள் இருக்கும். எந்த மனிதன் கட்டியதில்தான் ஓட்டை இல்லை? தீயவர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைவார்கள். உருவாக்கிய நிறுவனம் மாதந்தோறும் அவற்றை அடைத்துத் திருத்தங்களை அனுப்பும். மைக்ரோசாஃப்ட் இதற்கென ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை வைத்திருக்கிறது. ‘ஆதரவு’ என்ற சொல்லுக்கு இதுவே பொருள். ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி முன்போலவே விழிக்கும். முன்போலவே வேலை செய்யும். ஒரு விளக்கும் அணையாது. ஒரு மணியும் அடிக்காது. வாசலில் நின்ற காவலர் மட்டும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார். நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதற் சூடு: அவசரம்

மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை நேரங்களில் என் மச்சானின் டி.டி.பி. கடையில் தமிழ் தட்டச்சு செய்வதும் பிழை திருத்துவதும் என் உபதொழில். திருமண அழைப்பிதழ், ரமலான் நோன்பு அட்டவணை, ஜமாஅத் அறிக்கை என்று எங்கள் கைவழியே போகாத தாள் இல்லை.

எங்கள் வேலை முழுவதும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் நடந்தது. அதன் கடைசிப் பதிப்பான 7.0, 2001இல் வெளிவந்தது. அதன்பிறகு அதை வளர்ப்பதை அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்து முறையை அது அறியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்த பழைய எழுத்துருக்களை வைத்தே தமிழகத்து அச்சகங்கள் காலம் தள்ளின. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தன் நியமமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் அச்சகத்தின் அலமாரியில் கிடக்கும் இருபது ஆண்டுக் கோப்புகள் ஓர் அரசாணையால் உருமாறிவிடுமா?

2016 ஜூலை 29 வரை விண்டோஸ் 10ஐ இலவசமாகப் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ‘இலவசத்தை விடலாமா?’ என்றேன் நான். மச்சான் தயங்கினார். “ஓடுறது ஓடட்டுமே மாப்ள, சீசன் முடியட்டும்” என்றார். அவர் இல்லாத ஓர் இரவில், கெடு முடிவதற்குள், கடையின் கணினியை மாற்றிவிட்டேன். பழைய தளத்துக்குத் திரும்பிச் செல்ல ஒரு மாத கால அவகாசத்தைப் புதிய தளமே வைத்திருந்தது. நானோ, ‘இடத்தை அடைக்கிறதே’ என்று பழைய தளத்தின் கோப்புகளை அன்றிரவே துடைத்துவிட்டேன்! திரும்பும் பாலத்தை நானே கொளுத்திவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய் உறங்கினேன்.

மறுநாள் எங்கள் பழைய பிரிண்டர் பேசவில்லை. புதிய தளத்துக்கான இணைப்பு மென்பொருள் அதற்கு இல்லை. தமிழ் விசைப்பலகை மென்பொருளும் திறக்க மறுத்தது. அது ஷவ்வால் மாதம்; நிக்காஹ்களின் மாதம். ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மகள் திருமண அழைப்பிதழ் எங்கள் கையில் இருந்தது. பன்னிரண்டு நாட்களில் நிக்காஹ். பழையபடி எல்லாவற்றையும் நிறுவி அச்சுக்கு அனுப்ப ஆறு நாட்கள் ஆயின. அதற்குள் அந்தத் தகப்பனார் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று, கையில் கார்டு இல்லாமல், வாயாலேயே அழைத்திருக்கிறார். தாமதமாக வந்த கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டு, “பரவால்ல ஹஜ்ரத், இதைச் சொந்தக்காரங்க ஞாபகத்துக்கு வச்சுக்கட்டும்” என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

குறை புதிய தளத்தில் இல்லை. அது எல்லோருக்காகவும் செய்யப்பட்டது. என் பழைய பிரிண்டரை அதற்குத் தெரியாது. அது என் வேலைக்கு ஒத்து வருமா என்று சோதித்துப் பார்க்காத குறை என்னுடையது. அதையும் வேலை மலையாகக் குவிந்திருந்த நேரத்தில் செய்த குறையும் என்னுடையதே.

அவசரத்தின் விலையைப் பெரிய இடங்களும் கொடுத்திருக்கின்றன. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் ஒரு பெரும் புதுப்பிப்பு வெளியானது. அதை உடனே நிறுவிய சிலரின் கணினிகளில் சேமித்து வைத்த கோப்புகளே அழிந்துபோயின. சில நாட்களில் நிறுவனம் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. ஆறு வாரம் பொறுத்தவர்கள் எதையும் இழக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரே நேரத்தில் எங்கும் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்களைக் கொடுத்தார்கள். அது இயங்குதள மாற்றமன்று. ஆனாலும் பாடம் ஒன்றே. எங்கள் ஊர் ஃபோர்மேன் எவரும் புதிய மருந்துக் கலவையை முதல் நாளே மூட்டைக் கணக்கில் கலக்க மாட்டார். ஒரு பிடி கலந்து, ஓரமாகக் கொண்டுபோய், வெடித்துப் பார்த்த பிறகே மற்றது.

இரண்டாம் சூடு: அசையாமை

சூடு கண்ட பூனை அடுப்படிக்கே வராது என்பார்கள். நானும் அப்படித்தான் ஆனேன். ‘இனி எதையும் தொடேன்’ என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் மதரஸா அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில் வெளிவந்து, பன்னிரண்டரை ஆண்டுகள் காக்கப்பட்டு, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்த தளம் அது. அந்தச் சமயத்தில் தமிழக அரசே தன் துறைகளுக்கு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற நம் நாட்டு இயங்குதளத்துக்கு மாறும்படி அறிவுறுத்தியது. செய்தித்தாளில் நானும் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ரமலான் பிறக்க இரு வாரங்களே இருந்த நேரம். வான்னாகிரை என்ற கணினிப் புழு ஒரே நாளில் உலகைச் சுற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கொள்ளை அது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில், வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றின் கணினிகளும் தப்பவில்லை. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பாகவே வெளிவந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

அதையும் படித்தேன். ‘இங்கிலாந்து எங்கே, நம் மதரஸா எங்கே?’ என்று இருந்துவிட்டேன்.

2018இல் ஒரு காலை. மாணவர் ஒருவர் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி எடுத்த மறுநாள், கணினியிலிருந்த கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. பெயர்களின் வால் மாறியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம். இத்தனை டாலர் அனுப்பினால் திறப்போம் என்று. வேறு எது போயிருந்தாலும் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அதில் எங்கள் ஜமாஅத்தின் அழகிய கடன் நிதிக் கணக்கு இருந்தது.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நிதி இருக்கும். வட்டியில்லாமல் ஐயாயிரம், பத்தாயிரம் என்று மருத்துவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுத்து, சிறுகச் சிறுகத் திரும்பப் பெறும் ஏற்பாடு. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், எவ்வளவு மீதம் என்ற விவரம் முழுவதும் அந்த ஒரே கணினியில். கடைசியாக எடுத்து வைத்திருந்த நகல் பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. பதினான்கு மாத அமானத்து என் சோம்பலில் கரைந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், முத்தவல்லி அவர்கள் இதை மறைக்காமல் அறிவித்தார்கள். நான் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுகைக்குள் முதல் ஆளாக வந்தவர், தீப்பெட்டிக் கட்டை அடைத்துப் பிழைக்கும் ஒரு மூதாட்டி. கையில் சுருக்குப் பை. “ஹஜ்ரத், எம் பேருல இன்னும் ஆயிரத்து எழுநூறு நிக்குது, எழுதிக்கிடுங்க” என்றார். “பெரியம்மா, எங்ககிட்ட அதுக்கு ஆதாரமே இல்லையே” என்றேன். “அதுக்காக இல்லைன்னு ஆயிருமா?” என்றார். மூன்று வாரங்களில் பெரும்பாலோர் தாமாகவே வந்து சொன்னார்கள். எங்கள் மக்களின் நேர்மையை அன்றுபோல் நான் என்றும் கண்டதில்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. அந்தப் பதினான்கு மாதத்துக்குள் கடன் வாங்கிய ஒருவர் இறந்திருந்தார். அவருடைய மகன் வெளியூரிலிருந்து வந்தான். “அத்தா எவ்வளவு வாங்கினாங்க, எவ்வளவு கட்டினாங்கன்னு எங்க யாருக்கும் தெரியல. நீங்க சொல்லுங்க ஹஜ்ரத், கட்டிட்டுப் போறேன். அவங்க கடனோட இருக்கக் கூடாது” என்றான். இறந்தவரின் கடன் எத்தகைய சுமை என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். ஆனால் அந்த மகனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இல்லை! கடைசியில், அக்காலத்தில் நிதியிலிருந்து கொடுக்கப்பட்ட உச்சத் தொகையையே அவன் செலுத்திவிட்டுப் போனான். அதில் எவ்வளவு கூடுதலோ! கூடுதலாக வாங்கியிருந்தால் அந்தச் சுமை யாருடையது? ‘ஓடுவதை ஏன் தொட வேண்டும்?’ என்று நான் இருந்ததற்கு அந்தக் குடும்பம் விலை கொடுத்தது.

நகல் எடுத்து வைக்காததும் என் தவறுதான். அதை இயங்குதளத்தின் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் காவல் போய் நான்கு ஆண்டுகளான வாசலில் அமானத்தை வைத்திருந்தேன் என்பது உண்மை.

இரண்டு காவலர்களும் சேர்ந்து நிற்கும் காலம்

இந்த இரண்டு அனுபவங்களுக்குப் பிறகுதான், மாறுவதற்குச் சரியான நேரம் எது என்று நிதானமாகப் படித்தறிய முற்பட்டேன். அப்போது கண்ணில் பட்டது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து அதை உருவாக்குகிறார்கள். நம் பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அதன் முதன்மைப் பதிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘நிலையானது’ என்பதுதான். பிழைகள் தீர்ந்த பின்னரே வெளியிடுவார்கள். வெளியிட்ட பிறகு புதுமைகளைத் திணிக்க மாட்டார்கள். ஓட்டைகளை மட்டும் அடைத்துக்கொண்டே இருப்பார்கள். அதாவது, நிலையானது என்றால் அசையாமல் கிடப்பது என்று பொருளன்று. ஒருவர் விழித்திருந்து காப்பது என்றே பொருள். எக்ஸ்.பி.யை ‘நிலையானது’ என்று நான் எண்ணியது எவ்வளவு பெரிய பிழை!

அடுத்த செய்திதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. டெபியனின் 12ஆம் பதிப்பு 2023 ஜூன் 10இல் வந்தது. 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9இல் வந்தது. புதியது வந்த அன்றே பழையதை அவர்கள் கைவிடுவதில்லை. ஏறத்தாழ ஓராண்டு இரண்டையும் சேர்த்தே காக்கிறார்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் இதைக் காணலாம். அதன் நீண்டகாலப் பதிப்பு 24.04, 2024 ஏப்ரல் 25இல் வெளியானது. ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு ‘மாறிக்கொள்ளலாம்’ என்ற அழைப்பை உடனே நீட்டமாட்டார்கள். முதல் திருத்தப் பதிப்பு, ஆகஸ்ட் 29இல், வந்த பின்னரே அழைப்பு. பிறர் கையில் நான்கு மாதம் பழகட்டும் என்ற பொறுமை அது.

விண்டோஸில் இந்த இடைவெளி இன்னும் நீளமானது. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. விண்டோஸ் 10இன் கடைசி நாள் 2025 அக்டோபர் 14. நான்கு ஆண்டுகள் இரண்டும் சேர்ந்து காக்கப்பட்டன. நம்மில் எத்தனை பேர் அந்த நான்கு ஆண்டுகளில் ஓய்வான ஒரு மாதத்தைத் தேர்ந்துகொண்டோம்?

அத்தாவின் சொல் அப்போதுதான் காதில் ஒலித்தது. புதியவர் வருமுன்னும் போகக் கூடாது. வந்த உடனேயும் போகக் கூடாது. இருவரும் சேர்ந்து நிற்கும் நேரத்தில்தான் சாவி கைமாற வேண்டும். 2016இல் என் பிரிண்டருக்கும் எழுத்துருவுக்கும் புதிய காவலர் அறிமுகமாகும் முன்பே சாவியைக் கொடுத்துவிட்டேன். 2018இல் காவலர் போய் நான்கு ஆண்டுகள் கழித்தும் சாவி வாசலிலேயே தொங்கியது.

2025இல் செய்தது

இம்முறை ஓராண்டு முன்பே மஷூரா செய்தோம். மதரஸா கணினி, கடையின் இரண்டு கணினிகள், என் மகளின் படிப்புக் கணினி என்று நான்கையும் எழுதி வைத்தோம். ஒவ்வொன்றிலும் எந்த வேலை நடக்கிறது, எது நின்றால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எதிரே குறித்தோம்.

மதரஸாவில் ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவது ஷஃபானில். ஆகவே 2025 பிப்ரவரியில் அந்தக் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றினோம். அதற்கு முன் கோப்புகளை இரண்டு நகல்கள் எடுத்தோம். ஒன்று பள்ளிவாசல் பீரோவில், இன்னொன்று முத்தவல்லி வீட்டில். நகல் எடுத்தால் மட்டும் போதாது என்று, வேறொரு கணினியில் அதைத் திறந்தும் பார்த்தோம். ஒரு மாதம் வரை கடன் நிதிக் கணக்கைக் காகிதப் பேரேட்டிலும் எழுதினோம். இன்றும் எழுதுகிறோம்!

கடையின் கணினிகளில் ஒன்றை மட்டும், பெருநாள் கழித்து ஏப்ரலில் மாற்றினோம். பிரிண்டர், எழுத்துரு, பழைய கோப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். அன்றாட வேலைக்கு யூனிகோடு எழுத்துருவுக்கு வந்துவிட்டோம். இன்னொரு கணினி பழையது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் அதில்தான் திறக்கும். எனவே இணையத்தைத் துண்டித்து, அதை ஒரு தீவாக்கிவிட்டோம். அதற்கென்று ஒரே ஒரு பென் டிரைவ். வெளியார் பென் டிரைவுக்கு அனுமதி இல்லை. காவலர் இல்லாத வீட்டுக்குத் தெருவாசலே இல்லாமல் செய்துவிட்டோம் என்று மச்சான் சொல்லிச் சிரித்தார்.

மகளின் கணினியும் பழையதே. அதில் உபுண்டுவை நிறுவினோம்; காசு செலவில்லை. “முதல் வாரம் எல்லாமே இடம் மாறிக் கிடக்கிறது அத்தா” என்று குறைப்பட்டாள். இரண்டாம் வாரம் குறை நின்றது.

அக்டோபர் 14 வந்தது. எங்கள் கடையில் அன்று காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் கணினியின் இயங்குதளம் எது, அதன் காவல் எந்த நாளில் முடிகிறது என்று இன்றே தெரிந்து, காலண்டரில் குறித்து வையுங்கள். விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. அது அவகாசம்தானே தவிர, தீர்வன்று. மாதாந்தரச் சிறு திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்கள். முழுத் தளத்தை மாற்றுவதில் மட்டும், புதியது வந்து சில மாதங்கள் பிறர் கையில் பழகும்வரை பொறுங்கள். உங்கள் தொழிலுக்கு உயிரான பிரிண்டரும் கணக்கு மென்பொருளும் புதியதில் இயங்குகின்றனவா என்று ஒரே ஒரு கணினியில் சோதியுங்கள். நகலை எடுத்து, திறந்து பாருங்கள். திரும்பும் வழியைக் குறைந்தது ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். இவற்றுக்கெல்லாம் உங்கள் தொழிலின் ஓய்வு மாதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேதி உங்கள் சீசன் நடுவே வந்து நிற்கும்வரை காத்திராதீர்கள்.

ஜமாஅத், மதரஸா, சங்கம் எனப் பிறர் கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் பொறுப்பாளர்களிடம் ஒன்றைச் சிறப்பாக வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை உங்கள் கோப்புகள் அல்ல. அந்த மூதாட்டியின் ஆயிரத்து எழுநூறு ரூபாய் அதற்குள் இருக்கிறது. ஒரு மகன் தன் தகப்பனுக்காகக் கேட்டு வரப்போகும் ஓர் எண் அதற்குள் இருக்கிறது. அவன் வரும் நாளில் அதைச் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

அத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் காவல் காத்த ஆலையின் வழியே எப்போதாவது போகிறேன். விடியற்காலையாக இருந்தால், கதவுக்குள்ளே இரண்டு பேர் பூட்டுகளை இழுத்துப் பார்த்தபடி சேர்ந்து நடப்பது தெரியும். வண்டியை நிறுத்தி, அவர்கள் ஒரு சுற்று முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

வல்ல அல்லாஹ் நம் கையிலுள்ள அமானத்துகளை நாம் பேணிக் காக்க அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.